மேடா, பள்ளமா? பிளவக்கல்லை முன்வைத்துக் கண்ணும் கணினியும்

வத்திராயிருப்புக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது பிளவக்கல். பெரியாறு அணை, கோவிலாறு அணை என்று இரண்டு நீர்த்தேக்கங்கள் அங்கே உண்டு. இந்தப் பெரியாறு வேறு, முல்லைப் பெரியாறு வேறு. முதல் அணையில் சுமார் 47 அடிக்கும் இரண்டாவதில் சுமார் 42 அடிக்கும் தண்ணீர் தேக்கலாம். வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக் கண்மாய்கள் பலவும் இவற்றை நம்பியே இருக்கின்றன.

இந்த மலைப்பகுதியின் செயற்கைக்கோள் படத்தை, வடக்கு மேலே இருக்கும்படி வைத்துப் பார்க்கும் பலருக்கு ஒரு மயக்கம் ஏற்படும். முகடுகள் பள்ளமாகவும், ஓடை இறங்கும் பள்ளங்கள் மேடாகவும் தெரியும். தண்ணீர் மேட்டின் உச்சியில் ஓடுவதாகத் தோன்றும். படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் மலை மீண்டும் மலையாகிவிடும். படத்தில் பிழை இல்லை, கேமராவிலும் பிழை இல்லை. படம் எடுத்தபோது சூரியன் நின்ற திசைதான் காரணம்.

லேண்ட்சாட், சென்டினல்-2 போன்ற செயற்கைக்கோள்கள் எந்த இடத்தையும் உள்ளூர் நேரப்படி காலை பத்து, பத்தரை மணிவாக்கில் கடக்கும்படி சுற்றுகின்றன. டிசம்பரில் அந்த நேரத்தில் பிளவக்கல்லுக்குத் தென்கிழக்கே சூரியன் நிற்கும். படத்தில் பார்த்தால் வெளிச்சம் வலது கீழ் மூலையிலிருந்து வருகிறது என்று பொருள். கண் அதை ஏற்பதில்லை. வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று வைத்துக்கொண்டு, அந்தக் கணக்குக்கு ஒத்துவரும்படி மேட்டைப் பள்ளமாக்கிவிடுகிறது.

பிளவக்கல் வடக்கு அட்சரேகை சுமார் 9.6 பாகையில் இருப்பதால் இதில் இன்னொரு சுவாரசியம் சேர்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் இந்த ஊருக்கு வடக்கே போய்விடுகிறது. மே மாதத்துக் காலைப் படத்தில் வெளிச்சம் வடகிழக்கிலிருந்து, அதாவது வலது மேல் மூலையிலிருந்து விழும். அப்போது அதே மலை சரியாகத் தெரியும். இமயமலையின் காலைப் படங்களுக்கு இந்த வாய்ப்பு எந்த மாதத்திலும் கிடைப்பதில்லை. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நம் மலையை மேகம் மூடிக்கொள்கிறது. தெளிவான படம் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் கிடைக்கிறது. அப்போது சூரியன் தெற்கே இருக்கும். ஆக, நல்ல படம் கிடைக்கும் காலமே கண் ஏமாறும் காலமாகவும் அமைந்துவிட்டது.

கண்ணும் கணினியும் ஒளியைக் கொண்டு உலகத்தை எப்படிப் புரிந்துகொள்கின்றன என்ற பெரிய கேள்விக்கு இந்தச் சின்ன மயக்கம் நல்ல வாசல்.

தெரிந்தது ஒன்று, தெரியாதவை மூன்று

படத்தில் ஒரு புள்ளி எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. அங்கே எவ்வளவு ஒளி எந்தத் திசையிலிருந்து விழுகிறது என்பது ஒன்று. அந்தப் பரப்பு ஒளியை நோக்கி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது இரண்டாவது. விழுந்த ஒளியில் எத்தனை பங்கை அந்தப் பொருள் திருப்பி அனுப்புகிறது என்பது மூன்றாவது. ஒளி, வடிவம், பரப்பு ஆகிய இம்மூன்றும் பெருக்கப்பட்டு ஒரே எண்ணாகக் கண்ணுக்கு வந்து சேர்கின்றன. மூன்று எண்களைப் பெருக்கி வந்த விடையை மட்டும் சொல்லிவிட்டு, அந்த எண்கள் எவை என்று கேட்பது போன்ற கணக்கு இது. கணிதப்படி இதற்கு ஒரே விடை கிடையாது.

ஆனாலும் நாம் நொடிதோறும் விடை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். உச்சிவெயிலில் கிடக்கும் கரிசல் மண் கண்ணுக்கு அனுப்பும் ஒளி, வீட்டுக்குள் கொடியில் தொங்கும் வெள்ளை வேட்டி அனுப்பும் ஒளியைவிடப் பல மடங்கு அதிகம். இருந்தும் மண்ணைக் கறுப்பென்றும் வேட்டியை வெள்ளையென்றும் தயங்காமல் சொல்கிறோம். விழும் வெளிச்சத்தைக் கழித்துவிட்டுப் பொருளின் நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் வித்தையை மூளை நமக்குத் தெரியாமலேயே செய்து முடித்துவிடுகிறது. பார்வை என்பது கண்ணில் விழுந்த ஒளியோடு முடிவதில்லை, அதில் தீர்மானமும் கலந்திருக்கிறது என்று 11ஆம் நூற்றாண்டிலேயே அறிஞர் இப்னு அல்-ஹைதம் தமது ஒளியியல் நூலில் எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை நாம் அறியாமல் நடக்கும் ஊகம் என்று விளக்கினார்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் ஏடெல்சன் 1995இல் வெளியிட்ட சதுரங்கப் பலகைப் படம் இதற்குப் பேர்போன சான்று. நிழலில் இருக்கும் வெள்ளைக் கட்டமும் வெளிச்சத்தில் இருக்கும் கறுப்புக் கட்டமும் அந்தப் படத்தில் ஒரே சாம்பல் நிறம்தான். கண் இரண்டையும் வேறு வேறாகவே காணும். இதைக் கண்ணின் குறை என்று பலர் சொல்வார்கள். பொருளின் நிறத்தைக் கண்டறிவதுதான் கண்ணின் வேலை என்றால், அது தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது.

கண்ணின் முன்முடிவு

லென்சுகள் வழியே தலைகீழாகத் தெரியும் பிம்பத்தில் மேடும் பள்ளமும் இடம் மாறுவதை அமெரிக்க வானியலாளர் டேவிட் ரிட்டன்ஹவுஸ் 1786இல் ஆராய்ந்து, வெளிச்சம் வரும் திசையை நாம் தவறாகக் கொள்வதே காரணம் என்று காட்டினார். இதை நவீன ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வி.எஸ். ராமச்சந்திரன். 1988இல் ‘நேச்சர்’ இதழில் வந்த அவரது ஆய்வில் எளிய வட்டங்களே கருவி. மேல்பாதி வெளுத்தும் கீழ்பாதி கறுத்தும் இருக்கும் வட்டம் முட்டைபோல் புடைத்துத் தெரியும். அதையே திருப்பி வைத்தால் குழியாகிவிடும். பல வட்டங்கள் கலந்திருக்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரே விளக்குதான் என்று மூளை கொள்கிறது. ஒரே சூரியன் உள்ள உலகத்தில் வளர்ந்த மூளைக்கு அது இயல்பு.

அந்த ஆய்வில் இன்னொரு நுட்பமும் வெளிப்பட்டது. குனிந்து கால்களுக்கிடையே தலைகீழாகப் பார்த்தால் முட்டைகள் குழிகளாகின்றன. சூரியன் உண்மையில் எங்கே இருக்கிறது, பூமி எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதையெல்லாம் மூளை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. தலைக்கு எது மேலோ அதுதான் மேல். பெரும்பாலான நேரம் தலை நிமிர்ந்தே இருப்பதால் இந்தக் குறுக்குவழி போதுமானதாக இருந்துவிட்டது.

இந்த முன்முடிவு பிறவியிலேயே வருகிறதா, பழக்கத்தில் வருகிறதா? 1970இல் வெய்ன் ஹெர்ஷ்பெர்கர் கோழிக்குஞ்சுகளைக் கீழிருந்து வெளிச்சம் வரும் கூண்டில் வளர்த்துப் பார்த்தார். அப்படி வளர்ந்த குஞ்சுகளும் வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நடந்துகொண்டன. அதே சமயம், மனிதர்களிடம் இந்தத் திசை ஓரளவு மாறக்கூடியது என்று 2004இல் வெண்டி ஆடம்ஸ், எரிக் கிராஃப், மார்க் எர்ன்ஸ்ட் மூவரும் காட்டினார்கள். பார்த்த வடிவத்தைக் கையால் தொட்டு உணரவும் விட்டபோது, சோதனைக்கு வந்தவர்களின் ஊகத்திசை நகர்ந்துகொடுத்தது. ஆக, இது இயற்கை தந்த ஒரு தொடக்கம், அனுபவம் அதைத் திருத்துகிறது என்று கொள்ளலாம்.

அனுபவத்தின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்கு இந்தியாவிலேயே சான்று இருக்கிறது. பிறவியிலிருந்தே பார்வையிழந்த குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து, அவர்கள் எப்படிப் பார்க்கக் கற்கிறார்கள் என்றும் ஆராயும் ‘பிரகாஷ்’ திட்டத்தை எம்.ஐ.டி.யின் பவன் சின்ஹா டெல்லியில் நடத்திவருகிறார். 2009இல் அவரது குழு வெளியிட்ட ஆய்வு, காலம் கடந்து பார்வை பெற்றவர்கள் தொடக்கத்தில் படங்களைத் துண்டு துண்டாகக் காண்பதைப் பதிவுசெய்தது. நிறமோ வெளிச்சமோ மாறும் ஒவ்வோர் எல்லையிலும் ஒரு பொருள் முடிந்து இன்னொன்று தொடங்குவதாக அவர்கள் எண்ணினார்கள். ஒரே பொருளின் வெளிச்சப் பகுதியும் நிழல் பகுதியும் அவர்களுக்கு இரண்டு பொருள்கள். பொருள் அசைந்தபோதுதான் சேர்ந்து நகரும் துண்டுகள் ஒன்றே என்று புரிந்தது. நிழல் என்பது பொருளல்ல என்பதைக்கூட மனிதர் கற்றுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கணினிக்கு நாம் சொல்லிக்கொடுத்தவை

கணினி இதே கணக்கைச் சூத்திரமாக எழுதித் தொடங்கியது. ஒரே படத்தின் ஒளிநிழலிலிருந்து வடிவத்தைக் கணக்கிடும் முறையை எம்.ஐ.டி.யில் பெர்த்தோல்ட் ஹார்ன் 1970இல் தமது முனைவர் பட்ட ஆய்வேடாக அளித்தார். அதற்கு அவர் சிலவற்றை முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. வெளிச்சம் வரும் திசை தெரியும், பரப்பு முழுவதும் ஒரே பொருள், அது எந்தக் கோணத்தில் எப்படி ஒளியைத் திருப்பும் என்பதும் தெரியும் என்று வைத்துக்கொண்டால்தான் கணக்கு நடக்கும். மினுக்கமில்லாத பரப்புகளுக்கு 1760இல் லாம்பர்ட் வகுத்த விதி இங்கே வெகுவாகக் கைகொடுத்தது. ஒளியை நேருக்கு நேர் நோக்கும் பரப்பு அதிகம் ஒளிரும், சாயச் சாய மங்கும், எங்கிருந்து பார்த்தாலும் ஒரே அளவாகத் தெரியும் என்பது அந்த விதி.

பிறகு வந்தவர்கள் இந்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார்கள். 1980இல் ராபர்ட் உட்ஹாம் கேமராவை அசைக்காமல் விளக்கை மட்டும் இடம் மாற்றிப் பல படங்கள் எடுத்தார். மூன்று திசை வெளிச்சம் கிடைத்தால், மினுக்கமில்லாத பரப்பின் சாய்வையும் நிறத்தையும் தனித்தனியே பிரித்துவிடலாம். மாசி, சித்திரை, மார்கழி என்று வெவ்வேறு மாதங்களில் எடுத்த பிளவக்கல் படங்களை ஒன்றாக வைத்தால் சூரியனே ஓரளவு அந்த இடம் மாறும் விளக்காகிறது. 2001இல் ரவி ராமமூர்த்தியும் பாட் ஹன்ராஹனும் இன்னொரு எளிமையைக் கண்டார்கள். சுற்றுப்புற வெளிச்சம் எவ்வளவு சிக்கலானதாக இருந்தாலும், மினுக்கமில்லாத பரப்பின் மீது அது ஏற்படுத்தும் விளைவை 9 எண்களால் ஏறத்தாழ முழுமையாகச் சொல்லிவிடலாம்.

எவ்வளவு முன்னேறினாலும் தாண்ட முடியாத சுவர் ஒன்றும் இருக்கிறது. முழு உருவச் சிலை ஒன்றும், அதையே தட்டையாக்கிய புடைப்புச் சிற்பம் ஒன்றும் ஓரிடத்தில் நின்று பார்ப்பவருக்கு அச்சு அசல் ஒன்றுபோல் தெரியும்படி வெளிச்சத்தை அமைக்க முடியும் என்று 1990களின் இறுதியில் பெல்ஹூமர், கிரீக்மன், யூய்ல் மூவரும் கணிதமாக நிறுவினார்கள். அப்போது கணினியாலும் கண்ணாலும் இரண்டையும் பிரித்தறிய முடியாது. கோயில் தூணின் புடைப்புச் சிற்பம் எண்ணெய் விளக்கொளியில் முழு உடம்போடு நிற்பதாகத் தோன்றும் அனுபவத்துக்கு இந்தக் கணிதம் பக்கத்தில் நிற்கிறது.

தண்ணீர் செய்யும் குழப்பம்

மண்ணும் பாறையும் ஓரளவு லாம்பர்ட் விதிக்குக் கட்டுப்படும். தண்ணீர் கட்டுப்படாது. அதன் மேற்பரப்பு கண்ணாடியாக வானத்தைக் காட்டுகிறது, உட்புறம் வேறு நிறத்தைக் காட்டுகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தவர் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்று இயற்பியலாளர் ராலே பிரபு சொல்லியிருந்தார். 1921இல் கப்பல் பயணத்தின்போது ராமன் நிக்கோல் பட்டகம் என்னும் ஒளிமுனைவாக்கும் கருவியைத் தக்க கோணத்தில் பிடித்து, மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் வான ஒளியை அணைத்துவிட்டுப் பார்த்தார். கடல் இன்னும் ஆழ்ந்த நீலமாகத் தெரிந்தது. அந்த நீலம் தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது என்பது உறுதியாயிற்று. மினுக்கத்தையும் பொருளின் சொந்த நிறத்தையும் பிரிக்க, ஒளிமுனைவாக்கும் வடிகட்டியைக் கேமராவின் முன் வைக்கும் இன்றைய கணினிப் பார்வை முறைகளுக்கும் அடிப்படை இதுவே.

செயற்கைக்கோள் வேறொரு தந்திரத்தைக் கையாள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும், செடிகொடிகள் பலமாகத் திருப்பி அனுப்பும். பச்சை ஒளியையும் அகச்சிவப்பையும் ஒப்பிட்டுத் தண்ணீரை அடையாளம் காணும் சூத்திரத்தை 1996இல் மெக்ஃபீட்டர்ஸ் முன்வைத்தார். 2016இல் ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஷான்-ஃபிரான்சுவா பெக்கெல் குழு, 32 ஆண்டுகளின் 30 லட்சம் லேண்ட்சாட் படங்களை அலசி உலகின் நீர்ப்பரப்பு வரைபடத்தை வெளியிட்டது. பிளவக்கல் போன்ற சிறு அணைகள் எந்த மாதம் நிரம்பின, எப்போது வற்றின என்பதையும் இத்தகைய தரவுகளில் தேட முடிகிறது.

இந்த முறைக்கும் நிழல்தான் எதிரி. நிழலில் கிடக்கும் நிலமும் எல்லா அலைநீளங்களிலும் இருண்டே இருப்பதால், சூத்திரம் அதைத் தண்ணீர் என்று கருத வாய்ப்புண்டு. டிசம்பர் காலையில் பிளவக்கல்லில் சூரியன் 45 முதல் 50 பாகை உயரத்தில் இருக்கும். ஆகவே இங்கே செங்குத்தான பாறைச் சரிவுகள் மட்டுமே முழு நிழலில் விழும். இமயமலையில் இந்தத் தொல்லை மிகப் பெரிது. மேகத்தின் நிழலோ எந்த ஊரிலும் விழும். மேகத்தை ஊடுருவும் ரேடார் செயற்கைக்கோளும் இதிலிருந்து தப்பவில்லை. அமைதியான தண்ணீர் ரேடார் அலையை வேறு பக்கம் திருப்பிவிடுவதால் கறுப்பாகத் தெரியும். மலைக்குப் பின்னே அலை எட்டாத பகுதியும் அதே கறுப்பு.

ஒளி, வடிவம், பரப்பு ஆகிய மூன்றில் இரண்டை வெளியிலிருந்து கொண்டுவருவதே தீர்வு. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் 11 நாள் பறந்து ரேடாரால் அளந்த தரை உயர வரைபடம் கையில் இருக்கிறது. சூரியனின் இடமும் தெரியும். எங்கே மலைநிழல் விழும் என்று கணக்கிட்டு அதை ஒதுக்கிவிடலாம். வடிவமும் ஒளியும் தெரிந்துவிட்டால் பரப்பைச் சொல்வது எளிது.

எதிர்ப்பக்கப் பிழைக்கு இவ்வளவு சுலபமான மருந்து இல்லை. ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மூடிய கண்மாய் அகச்சிவப்பில் வயல்போலப் பளிச்சிடும். அடியில் ஆள் உயரத் தண்ணீர் நின்றாலும், அங்கே தண்ணீர் இல்லை என்றே கணினி சொல்லும்.

புலியின் தோலும் உடம்பும்

பிளவக்கல்லைச் சூழ்ந்த காடு 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் இது. ஒளி, வடிவம், பரப்பு என்னும் புதிரை எதிராளிக்கு எதிராகத் திருப்பிவிட்ட உயிர்கள் இத்தகைய காடுகளில் வாழ்கின்றன. விலங்குகளின் முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருப்பது ஏன் என்று அமெரிக்க ஓவியர் அபட் தேயர் 1896இல் விளக்கினார். மேலிருந்து விழும் வெளிச்சம் முதுகை வெளுப்பாக்கி வயிற்றை இருட்டாக்க வேண்டும். தோலின் நிறம் அதற்கு நேரெதிராக இருப்பதால் இரண்டும் சமமாகி, உருண்ட உடம்பு தட்டையாகத் தெரியும். ராமச்சந்திரனின் வட்டங்கள் புடைத்து நிற்கக் காரணமான ஒளிநிழலை இயற்கை இங்கே அழித்துவிடுகிறது.

நாடு முழுவதும் புலிகளைக் கணக்கிடுவதும் இந்தப் புதிரின் மீதுதான் நடக்கிறது. 2018–19 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கிக் கேமராக்கள் வைக்கப்பட்டு 3 கோடியே 48 லட்சம் படங்களுக்கு மேல் எடுக்கப்பட்டன. அவற்றில் 2,461 புலிகள் தனித்தனியாக அடையாளம் காணப்பட்டன. கோடுகள் ஒவ்வொரு புலிக்கும் தனி. ஆனால் புலி திரும்பும்போதும் வளையும்போதும் படத்தில் கோடுகளும் வளையும். லெக்ஸ் ஹைபி குழு 2009இல் வெளியிட்ட முறை, முதலில் புலி உடம்பின் முப்பரிமாண மாதிரியைப் படத்தின் மேல் பொருத்துகிறது. பிறகு தோலை அந்த உடம்பிலிருந்து விரித்தெடுத்துக் கோடுகளை ஒப்பிடுகிறது. இங்கும் வடிவம் தெரிந்த பிறகே பரப்பு பிடிபடுகிறது.

தரவைக் கொட்டிப் பயிற்றுவிக்கும் இன்றைய கணினி நரம்பு வலைப்பின்னல்கள் இப்படி யாரும் படிப்படியாகச் சொல்லித்தராமல் தாமே கற்கின்றன. அவை எதைக் கற்றன என்று பார்த்தபோது வியப்புக் காத்திருந்தது. ராபர்ட் கைர்ஹோஸ் குழு 2018இல் பூனையின் உருவத்துக்கு யானைத்தோல் போர்த்திய படங்களை உருவாக்கியது. மனிதர்கள் பூனை என்றார்கள். புகழ்பெற்ற ‘இமேஜ்நெட்’ தொகுப்பில் பயின்ற கணினிகள் யானை என்றன. வடிவத்தைப் பார்க்காமலே தோலை மட்டும் பார்த்து அவை தேர்வில் தேறிவந்தன. அந்தத் தொகுப்பின் படங்களில் 45 விழுக்காட்டுக்கும் மேல் அமெரிக்காவிலிருந்து வந்தவை, இந்தியாவும் சீனாவும் சேர்ந்து 3 விழுக்காடுதான். நம் வெயிலும் நம் மண்ணும் நம் தெருவும் அந்தக் கணினிகளின் அனுபவத்தில் அநேகமாக இல்லை.

எந்த வெளிச்சத்தில் எடுத்த படம்?

2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் விக்ரம் தரையிறங்கு கலம் நிலவில் மோதிய பின், நாசா அப்பகுதியின் படத்தைப் பொதுவில் வெளியிட்டது. செப்டம்பர் 17இல் அந்தப் படம் எடுக்கப்பட்டபோது சூரியன் அடிவானத்துக்கு மேல் 6 பாகை உயரத்தில்தான் இருந்தது. எங்கும் நீண்ட நிழல்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்த பொறியாளர் ஷண்முக சுப்பிரமணியன் பழைய படங்களோடு ஒப்பிட்டு, புதிதாகத் தென்பட்ட ஒரே ஒரு வெளிச்சப் புள்ளியைக் காட்டி நாசாவுக்கு எழுதினார். அக்டோபரிலும் நவம்பரிலும் சூரியன் இன்னும் உயரத்தில் இருந்தபோது எடுத்த படங்கள் அவர் ஐயத்தைச் சரியென்று காட்டின. டிசம்பர் 2 அன்று நாசா அதை உறுதிசெய்தது. ஒரு படத்தால் தீராத ஐயத்தை வேறு வெளிச்சத்தில் எடுத்த இன்னொரு படம் தீர்த்துவைத்தது.

கண்ணும் கணினியும் ஊகித்தே பார்க்கின்றன. கண்ணின் ஊகம் சூரியனுக்குக் கீழே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததால் வந்தது. கணினியின் ஊகம், அதைச் செய்தவர் எழுதிய சூத்திரத்திலிருந்தும் அதற்கு ஊட்டிய படங்களிலிருந்தும் வந்தது. கண் மேட்டைப் பள்ளமாக்கும் இடத்தில் உயர வரைபடம் வைத்திருக்கும் கணினி ஏமாறாது. கணினி நிழலைத் தண்ணீரென்று எண்ணும் இடத்தில் கரையில் நிற்பவர் ஏமாறமாட்டார். இரண்டும் பெரும்பாலும் ஒரே இடத்தில் தவறுவதில்லை என்பதால்தான் ஒன்றைக்கொண்டு மற்றொன்றைச் சரிபார்க்க முடிகிறது.

கண்மாய்களின் நீர்ப்பரப்பு, ஆக்கிரமிப்பு, பயிர்ச்சேதம் எல்லாம் இன்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அளக்கப்படுகின்றன. அந்த அளவுகள் நிவாரணத்தையும் வழக்குகளையும் தொடுகின்றன. ஆகவே அப்படியொரு படம் சான்றாக முன்னே வைக்கப்பட்டால் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு எடுத்தது, சூரியன் எந்தப் பக்கம் நின்றது என்று கேளுங்கள். பிறகு அந்த இடத்து மடையைத் திறந்து மூடுபவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.